வாய், கை, பேச்சு, மணி

1. விழித்திருந்த மூன்று பேர்

அந்தக் கருத்தரங்கில் கடைசி வரை தூங்காமல் இருந்தவர்கள் மூன்று பேர்தான். பேசிய டாக்டர், மைக் செட்காரர், நான்.

உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையின் பின்னால் 'பக்கவாத விழிப்புணர்வுக் கருத்தரங்கு' என்று பெரிய பேனர். சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தோம். காலையில் நாஷ்டா, நடுவில் டீ பிஸ்கட், முடிந்ததும் இலவசமாக பிரஷரும் சுகரும் பார்ப்போம் என்று சொல்லியிருந்தோம். நாற்காலிகள் நிரம்பிவிட்டன.

நான் காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமூக மருத்துவப் பிரிவு. கிராமத்தில் முகாம் போடுவது, பள்ளிக்கூடத்தில் ரத்தசோகை பற்றிப் பேச ஆள் அனுப்புவது, நிபுணர்களை வைத்துக் கருத்தரங்கு நடத்துவது எல்லாம் என் பொறுப்பு. ஊர்களில் என்னை 'கேம்ப் மேடம்' என்பார்கள். விமலா என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அன்று பேசியவர் டாக்டர் நிர்மல். நரம்பியல் நிபுணர். கொரோனா காலம் முடிந்த பிறகு எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தவர். படிப்பில் புலி, வேலையில் சுத்தம். ஸ்லைடு போட்டு நாற்பது நிமிடம் பேசினார். மூளையின் படம், ரத்தக் குழாயின் படம், 'இஸ்கீமிக்', 'ஹெமரேஜிக்', 'விண்டோ பீரியட்'. பாதியில் எழுந்து போனவர்கள் போக, மீதிப் பேர் மின்விசிறிக் காற்றில் நிம்மதியாகத் தூங்கினார்கள். நடவு வேலை செய்து அலுத்த உடம்பு, மெத்தை போட்ட நாற்காலி. தூக்கம் வராமல் என்ன செய்யும்.

வாசலில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்க வந்த ஒரு பெண்ணிடம், "டாக்டர் இன்னிக்கு என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"தல சுத்துச்சின்னா உங்க ஆஸ்பத்திரிக்கு வர்சொன்னாரு" என்றாள்.

டாக்டர் அதைச் சொல்லவே இல்லை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு போட்டோக்களைப் பார்த்தார். "ஹால் ஃபுல் போல இருக்கே. சூப்பர் மேடம். இதே மாதிரி மாசம் ஒண்ணு பண்ணிடுங்க." அவருக்குத் தலை எண்ணிக்கை போதும். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம், வாரத்தில் இரண்டு நாள் நான் நரம்பியல் வார்டில் உட்கார்ந்து புதிதாக வரும் பக்கவாத நோயாளிகளின் விவரம் எழுதுவேன். அதில் 'எப்போது ஆரம்பித்தது' என்று ஒரு கட்டம் உண்டு. மணி எழுத வேண்டிய கட்டம் அது. எனக்குக் கிடைக்கும் பதில்கள் இப்படி இருக்கும்: "செவ்வாக்கெழம இருக்கும்." "அமாவாசைக்கு மறுநாளு." "கை கால் உய்ந்து அஞ்சி நாள் ஆவுது, எண்ணெ போட்டுக்கினு இருந்தோம்." 'உய்ந்து' என்றால் எங்கள் பக்கத்தில் விழுந்து, அதாவது செயலிழந்து.

ரத்தக் குழாயில் அடைப்பு வந்து ஏற்படும் பக்கவாதத்துக்கு ஒரு ஊசி உண்டு. அடைப்பைக் கரைக்கிற ஊசி. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகு. எங்கள் ஃப்ரிட்ஜில் அந்த ஊசி எப்போதும் இருந்தது. உத்திரமேரூர் பக்கத்திலிருந்து அதைப் போட்டுக்கொள்கிற நேரத்தில் ஒருவர்கூட வந்து நான் பார்த்ததில்லை.

கருத்தரங்கு முடிந்து திரும்பும்போதே வேனில் டாக்டர் நிர்மல், "அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மேடம். நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

அப்படி இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

2. அஞ்சலை எழுந்து நின்றாள்

அடுத்த மாதக் கருத்தரங்கைத் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் வைத்தோம். ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு ஹால். ஐம்பது பேர் இருப்பார்கள். அதே ஸ்லைடு, அதே டாக்டர். மூளைப் படம் வந்ததும் முன்வரிசையில் கொட்டாவி தொடங்கியது.

நாலாவது ஸ்லைடில், அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னதும், பின்னால் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நூறு நாள் வேலையில் ஆட்களுக்குப் பொறுப்பாக இருக்கும் 'மேட்' அவள் என்று பிறகு தெரிந்தது. பெயர் அஞ்சலை.

"டாக்டர் சார், ஒன்னு கேக்கலாமா?"

"கடைசியில கேள்வி நேரம் இருக்கும்மா."

"கடசில கேட்டா வேன் ஏத்திக்கினு பூடுவீங்க. இப்பவே கேக்கறேன். எங்க வூட்டுக்காரருக்கு வாய் கோணிக்கிச்சி, சோத்துக்கை உய்ந்துட்ச்சி. ஒரு வருசம் ஆவுது. புறா ரத்தம் தேய்ச்சா சரியாப் பூடும்னாங்க. தேய்ச்சோம். மூணு வாரம் எண்ணெ கட்டு கட்னோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேச்சு வரல. அந்த மனுசன் மேளம் அடிக்கிறவரு சார். இப்ப சோறு நான்தான் ஊட்றேன். நீங்க சொல்ற அந்த ஊசிய அன்னிக்குப் போட்டிருந்தா எழுந்து நின்னிருப்பாரா?"

ஹாலில் கொட்டாவி விட்டவர்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

டாக்டர் ரிமோட்டைக் கீழே வைத்தார். ஸ்லைடில் ரத்தக் குழாய் படம் அப்படியே இருந்தது. "நேரத்துக்கு வந்திருந்தா, நல்லாயிருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்மா" என்றார்.

"அப்ப ஏன் யாருமே எங்களாண்ட சொல்லல?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எங்களுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி அவள் கேட்டாள்.

டாக்டர் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார். மேடையிலிருந்து இறங்கினார். "உங்க வீடு பக்கத்துலயா? அவரை நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

மொத்தக் கூட்டமும் எங்கள் பின்னால் வந்தது. இரண்டு தெரு தள்ளி, தொகுப்பு வீடு. அஞ்சலையின் கணவர் முனுசாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். இத்தனை காலமாக அவருக்கு யாரும் பிரஷர் மாத்திரை தரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை எழுதிக் கொடுத்தார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு தரம் வருவார் என்று சொன்னார். "கால் வரும். கைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். பேச்சு கொஞ்சம் கொஞ்சமா வரலாம்" என்றார்.

அஞ்சலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லாம சொன்னீங்களே, அது போதும் சார்" என்றாள்.

திரும்பும்போது வேன் வாலாஜாபாத் தாண்டியதும் டாக்டர் பேச்சை எடுத்தார். "மேடம், அந்த ஸ்லைடு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம். எப்படிச் சொன்னா அவங்களுக்குப் புரியும்னு நீங்க சொல்லுங்க. நான் கத்துக்கறேன்" என்றார்.

அத்தனை வருட வேலையில் ஒரு நிபுணர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

3. ஏரிக்கரையில் வகுப்பு

நான் அஞ்சலையிடமே கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து, டாக்டர் சொல்ல நினைப்பதை எல்லாம் அவளிடம் சொல்லி, "இதை நீ உன் ஆளுங்களுக்கு எப்படிச் சொல்லுவே?" என்றேன்.

யோசித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். "வாய் கோணுதா, சிரிக்கச் சொல்லிப் பாரு. கை உய்தா, ரெண்டு கையும் தூக்கச் சொல்லிப் பாரு. பேச்சு கொளறுதா, பேரச் சொல்லச் சொல்லு. அவ்ளோதான மேடம்?"

"நாலாவது ஒண்ணு இருக்கு. மணி. கடைசியா எப்ப நல்லா இருந்தாருன்னு மணி பாக்கணும். அதை வெச்சுத்தான் டாக்டர் ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாரு."

"வாய், கை, பேச்சு, மணி" என்று சொல்லிப் பார்த்தாள். "இது போதும். இதுக்கா அவ்ளோ படம் போட்டாரு அவரு?"

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். சிரித்தார். இன்னும் இரண்டு சேர்க்கச் சொன்னார். வாயில் தண்ணி, சோறு, மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது, விழுங்க முடியாமல் மூச்சுக்குழாயில் போய்விடும். ரத்தம் தேய்க்க, எண்ணெய் போட, நாட்டு வைத்தியம் பார்க்க என்று எங்கும் நிற்காமல் சி.டி. ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு நேராக வர வேண்டும், 108-க்கு போன் செய்ய வேண்டும்.

மண்டபம் வேண்டாம், வேலை நடக்கும் இடத்துக்கே போகலாம் என்று முடிவு செய்தோம். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "ஏரிக்கரையில் பேனர் எங்க கட்றது? போட்டோல என்ன தெரியும், மண்ணும் மம்பட்டியும்தான்" என்றார். டாக்டர் நிர்மல் எனக்காகப் பேசினார். "சார், போன தடவை போட்டோ நல்லா இருந்துச்சு. ஆனா பேஷன்ட் ஒருத்தரும் நேரத்துக்கு வரல. இந்தத் தடவை போட்டோ இல்லாமப் பாப்போம்." மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அஞ்சலையின் ஊரில் நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரை. வேலைக்கு இடையில் கூழ் குடிக்க உட்காரும் நேரம். வேப்பமர நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் பேசியது ஐந்து நிமிடம்தான். அதன் பிறகு அஞ்சலை நடுவில் வந்து நோயாளி வேடம் போட்டாள். வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாள், ஒரு கையைத் தொங்க விட்டாள். பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே எல்லோரும் எதிரில் இருந்தவரைச் சோதித்தார்கள். 'சிரி', 'ரெண்டு கையும் தூக்கு', 'உம் பேரு இன்னா, ஊரு இன்னா சொல்லு.' டாக்டர் ஒவ்வொருவரிடமும் போய், "இப்ப மணி என்ன?" என்று கேட்டார். செல்போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். செல்போன் இல்லாத ஒரு பெரியவர் வெயிலைப் பார்த்து, "பத்தரை" என்றார். மணி பத்து இருபத்தெட்டு. டாக்டர் அவருக்கு வணக்கம் வைத்தார்.

அந்த நேரத்தில் பைக்கில் ஒருவர் கரை மேல் வந்து நின்றார். கோதண்டம். அந்த ஊரில் பெரிய விவசாயி, இந்த ஏரிப் பாசனத்தில் அதிக நிலம் வைத்திருப்பவர். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் அவர் கழனியில் நடவுக்குப் போகிறவர்கள்.

"இன்னா டாக்டரே, இவங்கள எல்லாம் டாக்டராக்கிட்டீங்கன்னா எங்க கயனில நாத்து நடறது யாரு?" என்றார். கிண்டல்தான். கெட்ட மனிதர் இல்லை.

"நீங்களும் வந்து உட்காருங்க சார். அஞ்சு நிமிஷம்."

"எனக்கு பிரஷரும் இல்ல, ஒன்னும் இல்ல. கல்லு மாதிரி கீறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் பிரஷர் பார்த்ததே இல்லை.

அந்தப் பருவத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போனோம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம் பேசினோம், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசினோம், சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேசினோம். வேலை இல்லாத நாளில் அஞ்சலையும் எங்களோடு வேனில் ஏறிக்கொள்வாள். சில இடங்களில் டாக்டரைவிட அவள் அதிகம் பேசினாள். அவரும் தடுக்கவில்லை. "அவங்க சொன்னா நம்பறாங்க மேடம். நான் சொன்னா டெஸ்ட் எழுதப் போறேன்னு பயப்படறாங்க" என்பார்.

இதற்குள் முனுசாமி கோலை ஊன்றித் தெரு முனை வரை நடக்கத் தொடங்கியிருந்தார்.

4. பதினொன்று பத்து

ஒரு புதன்கிழமை காலை. நான் ஆபீசில் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. அஞ்சலை.

"மேடம், நம்ம கோதண்டம் நைனா. வரப்புல நின்னுக்கினு பேசிக்கினு இருந்தாரு. சடார்னு வாய் கொளறிட்ச்சி. சிரிக்கச் சொன்னேன், ஒரு பக்கம்தான் போவுது. சோத்துக்கை தூக்க முடியல. பதினொன்னு பத்து மேடம். பதினொன்னு பத்து வரைக்கும் என்னாண்டதான் நல்லா பேசிக்கினு இருந்தாரு. நானே பாத்தேன்."

என் கடிகாரத்தில் பதினொன்று பதினெட்டு.

"108-க்குப் போட்டியா?"

"எங்க ஆளு ஒருத்தி போட்டுட்டா. வந்துக்கினு கீதாம். ஆனா இங்க பேஜாரா இருக்கு மேடம். வெச்சிடாதீங்க."

போனை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள் போல. அங்கே நடந்ததை நான் அரைகுறையாகக் கேட்டேன். முழுசாக அஞ்சலையும் கோதண்டத்தின் மனைவி சரோஜாவும் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

கோதண்டத்தின் தம்பி காரை எடுத்து வந்துவிட்டார். அண்ணனைத் தூக்கிப் பின்சீட்டில் வைக்கப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒருவர் பக்கவாதத்துக்கு எண்ணெய் கட்டுவதில் பேர் போனவர். அங்கே போகப் போகிறார்கள். யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அஞ்சலை சொம்பைத் தட்டிவிட்டாள். பிறகு காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நகுருடீ. நீ யாரு எங்களுக்கு சொல்றதுக்கு?" என்று தம்பி கத்தியது போனில் எனக்கே தெளிவாகக் கேட்டது.

அஞ்சலை அவருக்குப் பதில் சொல்லவில்லை. கழனிக்கு ஓடி வந்திருந்த சரோஜாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அம்மா, எங்க வூட்ல இன்னா நடந்துதுன்னு நீங்க பாத்தீங்க. அன்னிக்கு நாங்க எண்ணெ கட்டத்தான் போனோம். அவரு இன்னிக்கு எப்படி கீறாருன்னு உங்களுக்குத் தெரியும். நைனாவ அப்படிப் பாக்கணுமா? நாலரை மணி நேரந்தாம்மா இருக்கு. அதுல பத்து நிமிசம் இங்கயே பூட்ச்சி."

எத்தனையோ தலைமுறையாக அந்தக் குடும்பத்துக் கழனியில் அஞ்சலையின் குடும்பம் கூலி வேலை செய்கிறது. அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து நேருக்கு நேராக இதைச் செய், இதைச் செய்யாதே என்று அவள் சொன்னது அன்றுதான். அப்போது பயமாக இல்லையா என்று நான் பிறகு கேட்டேன். "பயந்தான் மேடம். ஆனா வாய் நிக்கல" என்றாள்.

சரோஜா மச்சினரைப் பார்த்துச் சொன்னார்: "கார ஓரமா போடுங்க. ஆம்புலன்ஸ் வரட்டும். அஞ்சல சொல்றாமாரி பண்ணலாம்."

அதையும் நான் போனில் கேட்டேன். அதற்குள் இன்னொரு போனில் டாக்டர் நிர்மலைக் கூப்பிட்டேன். ஓ.பி.யில் இருந்தார். "ஆன்செட் டைம் தெரியுமா?" என்றார்.

"பதினொன்று பத்து டாக்டர். நேரில் பாத்த ஆள் சொல்றாங்க."

அந்தக் கேள்விக்கு எங்கள் பகுதியிலிருந்து இப்படி ஒரு பதில் அவருக்கும் அதுவரை வந்ததில்லை. "சி.டி.க்கு நான் சொல்றேன். நீங்க கேட்ல நில்லுங்க" என்றார்.

ஆம்புலன்சில் வந்த டெக்னீஷியன் என்னோடு போனில் பேசினார். வண்டியிலேயே சுகர் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிரஷர் ஏகத்துக்கும் இருந்தது. கல்லு மாதிரி இருக்கிறேன் என்ற மனிதர். வழியில் எங்கும் நிற்கவில்லை. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வண்டி எங்கள் கேட்டுக்குள் வந்தது. கோதண்டத்தின் கண்கள் திறந்திருந்தன, கண்ணீர் வழிந்தது, ஏதோ சொல்ல முயன்றார், சத்தம் மட்டும் வந்தது. சரோஜா அவர் இடது கையைப் பிடித்திருந்தார். அஞ்சலை முன்சீட்டில் இருந்து இறங்கினாள். நடவுச் சேறு அப்படியே முழங்கால் வரை காய்ந்திருந்தது.

சி.டி.யில் ரத்தக் கசிவு இல்லை. அடைப்புதான். பிரஷரை மருந்து கொடுத்து இறக்கியதும் ஊசி போடலாம். ஆனால் போட்டால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அதை டாக்டர் மறைக்காமல் சொன்னார். காரில் பின்னால் வந்திருந்த தம்பி தயங்கினார். சென்னையில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரோஜா அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார்.

அஞ்சலை, "இத நான் சொல்லக் கூடாதும்மா. இத நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சரோஜா டாக்டரிடம், "நீங்களா இருந்தா உங்க அப்பாவுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடுவேம்மா."

சரோஜா கையெழுத்துப் போட்டார். ஊசி ஏறத் தொடங்கும்போது மணி ஒன்று ஐந்து.

ஏதாவது தப்பாகப் போயிருந்தால் ஊரில் அத்தனை பழியும் அஞ்சலை மேல் விழுந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஐ.சி.யு. வாசலில் தரையில் உட்கார்ந்து சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தாள்.

நாலு மணிக்கு டாக்டர் நிர்மல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தன் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். உள்ளே கோதண்டம் அதைச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.

சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அஞ்சலை ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

பேச்சு மறுநாள் காலையில் வந்தது. குழறலாக, ஆனால் புரியும்படி. டாக்டர் அவர் பெயரைக் கேட்டார், சொன்னார். ஊரைக் கேட்டார், சொன்னார். பிறகு அவராகவே ஒன்று கேட்டார்: "கயனிக்குத் தண்ணி கட்னாங்களா?"

அன்று நரம்பியல் வார்டில் நர்ஸ்களிலிருந்து துப்புரவு செய்யும் அம்மா வரை எல்லோருக்கும் டாக்டர் லட்டு வாங்கித் தந்தார். நான் என் ரெஜிஸ்டரைத் திறந்து, 'எப்போது ஆரம்பித்தது' என்ற கட்டத்தில் '11.10' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. மேடையில் யார்

பத்து நாளில் கோதண்டம் நடந்து வீடு போனார். இன்றும் வலது கை விரல்களில் கொஞ்சம் மதமதப்பு உண்டு, சட்டைப் பித்தான் போட நேரம் ஆகும். மற்றபடி பைக் ஓட்டுகிறார், கழனிக்குப் போகிறார், தினமும் மாத்திரை போடுகிறார்.

வருடா வருடம் எங்கள் மருத்துவமனையில் கிராமப்புற டாக்டர்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் ஒரு கருத்தரங்கு நடக்கும். ஏ.சி. ஆடிட்டோரியம். அந்த வருடம் பக்கவாத அமர்வை டாக்டர் நிர்மல் நடத்த வேண்டும். பேச்சாளர் பட்டியலில் தன் பெயருக்குப் பதிலாக அஞ்சலையின் பெயரைப் போட்டார். மேனேஜர் பட்டியலை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை.

அஞ்சலை மைக்கை வாங்கவில்லை. "எனக்கு ஏரிக்கரையில கத்திப் பழக்கம்" என்றாள். வாய், கை, பேச்சு, மணி நான்கையும் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பயிற்சி டாக்டர் ஒருவரை எழுப்பி, "நான் இப்ப இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க சார்" என்றாள். அவர் மூன்று சொன்னார். "மணிய உட்டுட்டீங்க. மணிய உட்டா எல்லாம் போச்சி" என்றாள். ஆடிட்டோரியம் கைதட்டியது.

கோதண்டமும் வந்திருந்தார். அழைக்காமலே எழுந்து நின்றார். "அந்த அம்மா சொல்றத எழுதிக்கோங்க. அந்தம்மா அன்னிக்கு கார மறிக்கலன்னா நான் இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்டேன்" என்றார். அவர் அஞ்சலையை 'அந்த அம்மா' என்று சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. மேடையில் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

எங்கள் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. ஒரு நிபுணருக்குத் தெரிந்தது எல்லாம் ஜனங்களுக்குத் தேவைப்படாது. அதில் உயிரைக் காப்பாற்றுகிற நாலு விஷயத்தை எடுத்து, அவர்களில் ஒருவர் வாயால் சொல்ல வையுங்கள். அது எது என்று தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள். இழந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. எல்லோரும் கோதண்டம் போலப் பிழைத்து எழுந்துவிடவில்லை. நேரத்துக்கு வந்தும் தேறாதவர்கள் உண்டு. ஆனால் நேரத்துக்கு வருகிறார்கள். அதற்காகத்தான் நாங்கள் அத்தனை ஊர் சுற்றினோம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளி, கூட அவர் மனைவி. ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே அந்தப் பெண், "எட்டே முக்கால் வரைக்கும் நல்லா இருந்தாரு, வாய்ல தண்ணி கூட ஊத்தல" என்றாள். நான் கேட்பதற்கு முன்பே.

ஊரைச் சொன்னாள். உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம், வெகு தள்ளி. எங்கள் வேன் ஒரு நாளும் போகாத ஊர்.

"உனக்கு யாரும்மா இதெல்லாம் சொன்னது?" என்றேன்.

"பஸ்ல சொல்லிக்கினு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் உள்ளே ஓடினாள்.